சிவப்புக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று

குடியரசு தினம் நெருங்கும்போது தில்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டில் பள்ளிச் சீருடைகள் தென்பட ஆரம்பிக்கும். ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். கடை என்ற பெயரில் ஒரு அலமாரியும் ஒரு ஸ்டூலும். அலமாரியின் சின்னச் சின்ன இழுப்பறைகளில் கொத்துமல்லி விதை மாதிரிக் குவிந்து கிடக்கும் எல்.இ.டி.க்கள். ஒன்று ஓரிரு ரூபாய். மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி, சென்னையில் ரிச்சி தெரு என்று ஊர்தான் மாறுகிறது. சரக்கும் ஒன்றே, வாங்க வரும் பையன்களின் உத்தேசமும் ஏறக்குறைய ஒன்றே. அட்டையில் துளை போட்டு, வரிசையாக விளக்குகளைச் செருகி, ஒரு மூவர்ணக் கொடி செய்ய வேண்டும். மேலே காவிக்கு ஆரஞ்சு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, சக்கரத்தின் 24 ஆரங்களுக்கு 24 நீலம்.

வீட்டுக்குப் போய்ச் செருகுகிறார்கள். எல்லா நீளக் கால்களையும் ஒரு கம்பியில் சேர்த்து, எல்லாக் குட்டைக் கால்களையும் இன்னொரு கம்பியில் சேர்த்து, நடுவே ஒரே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு அடாப்டரை இணைத்தால், காவி மட்டும் எரிகிறது. பச்சை பழைய ரகமாக இருந்தால் லேசாக முனகும். புது ரகம் என்றால் அதுவும் இல்லை. வெள்ளையும் நீலமும் சுத்தமாக இருட்டு. இதில் அரசியல் எதுவும் இல்லை, இயற்பியல்தான். ஆனால் பையனுக்கு அது தெரியாது. கடைக்காரர் செத்துப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு கட்டுகிறான். 24 நீல விளக்குகள் குப்பைக்கூடைக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் நன்றாக இருப்பவை.

இந்த ஏமாற்றத்துக்குக் காரணம், விளக்கின் நிறத்தைப் பற்றி நம் மனதில் பதிந்துபோன ஒரு பழைய எண்ணம். டார்ச் பல்பின் மேல் சிவப்பு ஜிகினாத்தாளைச் சுற்றி கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் தொங்கவிட்ட தலைமுறைக்கு, நிறம் என்பது மேலே பூசுவது. உள்ளே இருக்கும் இழை எல்லா நிறத்தையும் கலந்து மஞ்சளாக எரியும். தாள் வேண்டாத நிறங்களைத் தடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் வெளியே விடும். சிவப்பு பல்பும் நீல பல்பும் உள்ளுக்குள் ஒரே பல்புதான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டலாம்.

எல்.இ.டி.யில் அப்படி இல்லை. அதன் பிளாஸ்டிக் தொப்பி பெரும்பாலும் வெறும் அலங்காரம், கொஞ்சம் லென்ஸ் வேலை. தண்ணீர் மாதிரித் தெளிவான தொப்பிக்குள்ளிருந்தும் சிவப்பு வரும், நீலம் வரும். நிறத்தைத் தீர்மானிப்பது உள்ளே மணல் துகள் அளவுக்கு இருக்கும் ஒரு படிகச் சில்லு. அதில் எலெக்ட்ரான்கள் ஒரு மேட்டிலிருந்து ஒரு பள்ளத்தில் விழுகின்றன. விழும்போது இழக்கும் சக்தி ஒளியாக வெளிவருகிறது. பள்ளம் ஆழமில்லை என்றால் சிவப்பு. இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள், பச்சை, நீலம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள இந்த உயரம் படிகத்துக்குப் படிகம் மாறும். ஒரே படிகத்தில் மாறாது.

விழுவதற்கு முன்னால் எலெக்ட்ரானை அந்த மேட்டுக்குத் தூக்கிவிட வேண்டும் அல்லவா? தூக்குவது பாட்டரி. எவ்வளவு உயரம் தூக்க வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவு வோல்டேஜ். டிவி ரிமோட்டின் நுனியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்.இ.டி.க்கு 1.2 வோல்ட் போதும். சிவப்புக்கு 1.8 முதல் 2. ஆரஞ்சு, மஞ்சளுக்கு 2 அல்லது கொஞ்சம் கூட. மஞ்சள் கலந்த பழைய பச்சைக்கு 2.1 அல்லது 2.2. மரகதம் மாதிரி ஜொலிக்கும் புதிய பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல்.

கொடியில் நடந்தது இப்போது விளங்கும். ஆரஞ்சும் நீலமும் ஒரே இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றால், ஆரஞ்சு 2 வோல்ட்டிலேயே கதவைத் திறந்து கரண்டை எல்லாம் வாங்கிக்கொள்கிறது. கம்பிகளுக்கு இடையே வோல்டேஜ் அதற்கு மேல் ஏறுவதே இல்லை. நீலத்துக்கு வேண்டிய 3 வரவே வராது. ஆரஞ்சைப் பிடுங்கிவிட்டால் அதே நீலம் பளிச்சென்று எரியும். சந்தேகம் உள்ளவர்கள் செய்து பார்க்கலாம்; நிரூபணத்துக்கு ஆகும் செலவு ஐந்து ரூபாய்க்குள்.

கரண்ட் விஷயத்திலும் பழைய பல்புக்கும் இதற்கும் குணத்தில் வித்தியாசம் உண்டு. பல்பின் இழை சூடானால் அதன் தடை கூடும். கரண்ட் தானாக மட்டுப்படும். எல்.இ.டி.க்கு அந்த அடக்கம் கிடையாது. தனக்கு வேண்டிய வோல்டேஜைத் தாண்டிப் பத்தில் ஒரு பங்கு வோல்ட் கூடினாலும் கரண்ட் எகிறும். சூடானால் இன்னும் கொஞ்சம் எகிறும். 9 வோல்ட் பாட்டரியில் சிவப்பு எல்.இ.டி.யை நேரே வைத்தால் ஒரு விநாடி ஆரஞ்சாகப் பளீரிட்டு, ஒரு நாற்றத்தோடு போய்ச் சேரும். எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கில் இறங்கிய யாரும் இந்த நாற்றத்தை முகராமல் மேலே போனதில்லை.

அதனால்தான் ரெசிஸ்டர். கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு. பாட்டரி 9 வோல்ட். சிவப்பு 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 10 மில்லி ஆம்பியர் ஓடினால் போதும் என்றால், 7ஐ 0.01ஆல் வகுக்க 700 ஓம். கடையில் 700 கிடையாது. 680 கிடைக்கும்: நீலம், சாம்பல், பழுப்பு என்று மூன்று கோடுகள். அதே இடத்தில் நீல எல்.இ.டி. என்றால் மீதி 5.8 வோல்ட், 580 ஓம், கடையில் 560, அதாவது பச்சை, நீலம், பழுப்பு. நிறம் மாறினால் ரெசிஸ்டர் மாறும் என்பதுதான் இதிலுள்ள ஒரே சூட்சுமம்.

அந்த 10 மில்லி ஆம்பியரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய சர்க்யூட் புத்தகங்களும், 1969 முதல் தில்லியிலிருந்து வரும் 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ'வின் பழைய இதழ்களும் எல்.இ.டி. என்றால் கண்ணை மூடிக்கொண்டு 20 மில்லி ஆம்பியர் என்று கணக்குப் போட்டிருக்கும். அந்தக் காலத்து விளக்குக்கு அது தேவைப்பட்டது. அவ்வளவு கொடுத்தாலும் வெயிலில் எரிகிறதா இல்லையா என்று கையைக் குவித்துப் பார்க்க வேண்டும். இன்றைய விளக்கு 1 மில்லி ஆம்பியரிலேயே அறைக்கு அடுத்த மூலையிலிருந்து தெரியும். பழைய சர்க்யூட்டை அப்படியே காப்பியடித்து அதில் புது நீலத்தைச் செருகுகிறவர்கள், படுக்கையறை ஸ்டெபிலைஸரில் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பொருத்தி, பிறகு அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுகிறார்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் சாமான்களிலும் இந்த அசட்டுத்தனம் உண்டு. 330 ஓம் இருந்த இடத்தில் 4.7 கிலோ ஓம் போட்டால் டேப்பும் மிச்சம், பாட்டரியும் மிச்சம்.

விரல் நுனியில் நிற்கும் இந்த விளக்குக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதன் பாதி, நிறங்களை ஒவ்வொன்றாகப் பிடித்த கதை.

1907ல் மார்க்கோனியிடம் வேலை பார்த்த ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேயர், சாணைக்கல் செய்யப் பயன்படும் கார்போரண்டம் படிகத்தில் 10 வோல்ட் கொடுத்தபோது அது மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டார். ஒரு பத்திரிகைக்குச் சின்னக் குறிப்பு எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். 1920களில் ரஷ்யாவில் ஓலெக் லோசெவ் அதே ஒளியைத் தற்செயலாகப் பார்த்தார். ஆனால் இவர் விடவில்லை. பட்டம் ஏதும் இல்லாத ரேடியோ டெக்னீஷியன். படிகத்தின் மேல் ஊசிமுனைக் கம்பியை வைத்து வானொலி கேட்ட காலம் அது. அந்த ஊசி தொடும் இடத்தில் தெரிந்த வெளிச்சம் சூட்டினால் வருவதல்ல என்பதைச் சோதித்து உறுதி செய்தார். இன்றைய பொழுதுபோக்கு எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் குலதெய்வமாக வைத்துக்கொள்ளத் தகுந்த ஆள். 1942ல் ஹிட்லரின் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தபோது பட்டினியால் இறந்தார். வயது 38.

கண்ணால் பார்க்கத்தக்க, தொழிற்சாலையில் செய்யத்தக்க சிவப்பு விளக்கு 1962 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் எரிந்தது. செய்தவர் நிக் ஹோலொன்யாக். காலியம், ஆர்செனிக், பாஸ்பரஸ் மூன்றும் கலந்த படிகம். பாஸ்பரஸைக் கூட்டினால் எலெக்ட்ரானின் பள்ளம் ஆழமாகும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு சிவப்பாக மாறும் என்பது அவர் கணக்கு. மறு வருடமே, இது ஒரு நாள் எடிசனின் பல்பை ஒழிக்கும் என்று 'ரீடர்ஸ் டைஜஸ்ட்'டில் ஆரூடம் சொன்னார். அது பலிப்பதை இருந்து பார்த்துவிட்டு 2022ல் 93வது வயதில் காலமானார். அவரிடம் படித்த ஜார்ஜ் கிராஃபோர்ட் 1972ல் மஞ்சளைக் கொண்டுவந்தார். 1970களின் கால்குலேட்டர்களிலும் கைக்கடிகாரங்களிலும் எண்கள் சிவப்பாகவே ஒளிர்ந்ததற்கு அழகுணர்ச்சி காரணமல்ல. மலிவாகக் கிடைத்த நிறம் அது ஒன்றுதான்.

நீலம்தான் பிடிபடவில்லை. அதற்கு வேண்டிய ஆழம் காலியம் நைட்ரைடு என்ற படிகத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் குறையில்லாமல் வளர்க்கத்தான் யாராலும் முடியவில்லை; பெரிய கம்பெனிகள் முயன்று பார்த்துக் கைகழுவின. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இஸாமு அகாஸாகியும் அவரது மாணவர் ஹிரோஷி அமானோவும் விடாமல் உட்கார்ந்து 1986ல் நல்ல படிகத்தை வளர்த்தார்கள். நிச்சியா என்ற சிறிய கம்பெனியில் ஷூஜி நாகாமூரா தனியாக அதே மலையின் இன்னொரு பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார். 1993ல் நிச்சியா பளிச்சென்று எரியும் நீல விளக்கை அறிவித்தது. சிவப்பிலிருந்து நீலத்துக்கு 31 வருஷம்.

நாகாமூராவுக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென். ஒரு சுமாரான விருந்துக்குச் சரியாக இருக்கும். 2001ல் கோர்ட்டுக்குப் போனார். 2004ல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. கம்பெனி அப்பீல் செய்ய, மறு வருடம் சுமார் 84 கோடியில் சமரசமாயிற்று. 2014ல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு. சிவப்பைப் பிடித்த ஹோலொன்யாக்குக்கு நோபல் கிடைக்கவேயில்லை. அந்த வருத்தத்தை அவர் மறைத்ததும் இல்லை.

நீலம் வந்ததும் வெள்ளை வந்தது. வெள்ளை எல்.இ.டி. என்று தனியாக ஒரு படிகம் கிடையாது. நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. இழுப்பறையில் கிடக்கும் ரோஸ் எல்.இ.டி.யும் பெரும்பாலும் இதே வேஷம்தான். அதனால்தான் வெள்ளையும் 3 வோல்ட்டுக்குக் குறைந்து அசையாது. இந்த இரண்டு நிறங்களில் மட்டும் ஜிகினாத்தாள் காலத்துத் தந்திரம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சில்லுகளையும் ஒரே தொப்பிக்குள் அடக்கி நாலு கால்களோடு விற்கும் விளக்கும் உண்டு. மூன்றையும் தகுந்த விகிதத்தில் எரியவிட்டால் எந்த நிறமும் வரும் என்பது ஏட்டில் சரி. முதல் தடவை எரியவிடுகிறவர்கள் வெள்ளையை எதிர்பார்த்து ரோஸைப் பெறுவார்கள். காரணம், மூன்று காலுக்கும் ஒரே மாதிரி ரெசிஸ்டர். 5 வோல்ட்டில் எல்லாவற்றுக்கும் 220 ஓம் போட்டால் சிவப்புக்கு ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர் போகும், நீலத்துக்கு 9 கூடப் போகாது. சிவப்பின் ரெசிஸ்டரை 330 ஆக்கினால் கொஞ்சம் சமாதானமாகும். மிச்சத்தைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். நம் கண் பச்சைக்கு அதிகம் இளகும், நீலத்துக்கு அவ்வளவாக இளகாது.

கண் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் சிவப்பு, காலியானால் பச்சை என்று ஒரே விளக்கு நிறம் மாறும்படி செய்து பெருமைப்படும் வீடுகளில், அதைப் பார்க்க வேண்டிய ஆளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியலாம். சிவப்பு-பச்சை நிறக்குருடு ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு உண்டு. பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. ஒரு விளக்கு மேலே, ஒரு விளக்கு கீழே என்று இடம் மாற்றி வைத்தால் தீர்ந்தது. போக்குவரத்து சிக்னலில் இந்தப் புத்தி எப்போதோ வந்துவிட்டது.

இப்போதெல்லாம் இந்தக் கணக்குகள் எதுவும் தேவையில்லாத விளக்குகளும் வந்துவிட்டன. டபிள்யூ.எஸ். 2812 என்று ஒரு சின்னச் சதுரம். மூன்று நிறச் சில்லுகளோடு அவற்றை ஆளும் ஐ.சி.யும் உள்ளேயே இருக்கிறது. நாடா நாடாவாக விற்கிறார்கள். ஆர்டுவினோ பலகையிலிருந்து ஒரு கம்பி இழுத்து, எந்த விளக்குக்கு எந்த நிறம் என்று புரோகிராம் எழுதினால் போதும். ஓம் விதியை மறந்துவிடலாம் என்று தோன்றும், நூறு விளக்குகளை ஒன்றாக வெள்ளையில் எரியவிடும் வரை. ஒவ்வொன்றும் 60 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். நூறுக்கு 6 ஆம்பியர். செல்போன் சார்ஜர் மூச்சு முட்டும், மெல்லிய கம்பி சுடும், நாடாவின் கடைசியில் இருக்கும் விளக்குகளுக்கு வோல்டேஜ் போதாமல் வெள்ளை பழுப்பாகும். எந்த நிறம் முதலில் செத்துப்போகும்? அதிக வோல்டேஜ் கேட்கும் நீலம். வாசலில் விரட்டிய கணக்கு கொல்லை வழியாக வந்துவிடுகிறது.

நீல விளக்குகள் குப்பைக்குப் போவது சின்ன நஷ்டம். இதே அறியாமை உயிரைத் தொடும் இடங்கள் இரண்டு.

முதலாவது, 230 வோல்ட். லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு காலத்தில் பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த பகீரத் பேலஸில், தீபாவளி சமயத்தில் சீரியல் விளக்குகள் மலையாகக் குவியும். மலிவான சரங்களில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, எல்லாவற்றின் வோல்டேஜும் சேர்ந்து வீட்டு மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு விளக்கும் சாதுவாக 2 வோல்ட்டில் எரிவதால் சரமே சாது என்று நினைத்துவிடக்கூடாது. சரத்தில் எந்த இடத்தில் தோல் உரிந்திருந்தாலும், தரையில் நிற்கிறவருக்கு அங்கே காத்திருப்பது முழு மெயின்ஸ். கொடிக்கோ கொலுவுக்கோ வேண்டும் என்று இந்தச் சரத்திலிருந்து பாதியை வெட்டி, மீதியைப் பிளக்கில் செருகும் சாமர்த்தியசாலிகள் உண்டு. பங்கு போட ஆள் குறைந்ததும் மிச்ச வோல்டேஜ் முழுதும் உள்ளே இருக்கும் சின்ன ரெசிஸ்டரின் தலையில் விழும். அது கருகுவது நல்ல முடிவு. பக்கத்துத் திரைச்சீலை பற்றிக்கொள்வது கெட்ட முடிவு.

'ஒரு ரெசிஸ்டர் போட்டு நேராக மெயின்ஸில் கொடுத்தால் என்ன' என்று கேட்பவர்களுக்கும் கணக்கே பதில் சொல்லும். 10 மில்லி ஆம்பியர் ஓட 23,000 ஓம் வேண்டும், அதில் 2.3 வாட் வீணாகச் சூடாகும். விளக்கு தின்பது 0.02 வாட்தான். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காமல் புகையும். போதாததற்கு, ஏ.சி. திசை மாறும் ஒவ்வொரு முறையும் எல்.இ.டி. தலைகீழ் வோல்டேஜைச் சந்திக்க வேண்டும். அது தாங்குவது 5 வோல்ட் வரை. நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. பையன் விரல் பட்டாலும் 12 வோல்ட் ஒன்றும் செய்யாது.

இரண்டாவது, பித்தான் செல். சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்ட பாட்டரியின் இரு பக்கமும் எல்.இ.டி.யின் கால்களைக் கவ்வவிட்டால் ரெசிஸ்டர் இல்லாமலே எரியும். பாட்டரிக்குள்ளேயே போதுமான தடை இருப்பதால் விளக்கு பிழைக்கிறது. வாழ்த்து அட்டை, கிரீடம், பொம்மைக் கண் என்று வகுப்பறைகளில் இது சக்கைப்போடு போடுகிறது. டேப் அவிழ்ந்து விழுந்த அந்த வட்டத்தை வீட்டில் தவழும் குழந்தை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். எச்சில் பட்டுக் கரண்ட் ஓட ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சதை வெந்துவிடும். தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வேலைக்குப் பென்சில் செல் இரண்டும் ஒரு செல் பெட்டியும் போதும்.

போகட்டும். குப்பைக்கூடையிலிருந்து அந்த நீல விளக்குகளை மீட்டுவிட்டால் அவற்றை வைத்து இயற்பியலின் அஸ்திவாரத்தையே அளக்கலாம். பல பல்கலைக்கழகங்களின் பி.எஸ்ஸி. இயற்பியல் செய்முறையில் ஒரு சோதனை உண்டு: குறைந்தது நான்கு நிற எல்.இ.டி.க்களைக் கொண்டு பிளாங்க் மாறிலியைக் கண்டுபிடி. 1900ல் மாக்ஸ் பிளாங்க் காகிதத்தில் எழுதிய அந்த எண்ணைப் பிடிக்க, சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் இருட்டறையில் எந்த வோல்ட்டில் முதன்முதலாக மினுங்குகிறது என்று மல்டிமீட்டரில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்தின் அதிர்வெண்ணுக்கும் எதிரே அந்த வோல்டேஜை வைத்து ஒரு கோடு போட்டால், கோட்டின் சாய்வில் பிளாங்க் உட்கார்ந்திருப்பார். 1240ஐ நானோமீட்டர் கணக்கில் அலைநீளத்தால் வகுத்தால் எலெக்ட்ரானின் பள்ளத்தின் ஆழம் வந்துவிடும்: 640 உள்ள சிவப்புக்கு 1.94, 470 உள்ள நீலத்துக்கு 2.64. கொடியில் நீலம் ஏன் எரியவில்லை என்று தலையைச் சொறிந்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு, அதே கேள்விதான் இது, கொஞ்சம் பெரிய உடையில் வந்திருக்கிறது என்று சொல்ல ஒரு வாத்தியார் வேண்டும். கருவிகளின் செலவில் மல்டிமீட்டர்தான் பெரிய தொகை.

எல்.இ.டி. தலைகீழாகவும் வேலை செய்யும். அதன் இரு கால்களையும் மல்டிமீட்டரில் இணைத்து வெயிலில் காட்டினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஒளியைக் கொடுப்பது ஒளியை வாங்கவும் செய்கிறது. அதிலும் நிறப் பாகுபாடு உண்டு. தன் நிறமோ அதைவிட அலைநீளம் குறைந்த நிறமோ வந்தால்தான் கவனிக்கும். சிவப்பு எல்.இ.டி.யின் மேல் நீல வெளிச்சம் அடித்தால் மீட்டர் அசையும். நீலத்தின் மேல் சிவப்பு அடித்தால் அசையாது. அமெரிக்காவில் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் இந்தக் குணத்தை வைத்து, வெவ்வேறு நிற எல்.இ.டி.க்களையே கண்களாகக் கொண்டு சூரிய ஒளியை அளக்கும் கைக்கருவி செய்தார். 1990 முதல் டெக்சாஸில் தன் வீட்டருகே நின்று வானத்தின் தூசி மூட்டத்தை அதுபோன்ற கருவிகளால் அளந்து வந்திருக்கிறார். அவரும் அறிவியலில் பட்டம் வாங்கியவரல்ல. பொழுதுபோக்காளர்களுக்குக் கையெழுத்திலேயே சர்க்யூட் புத்தகங்கள் போட்டுப் பெயர் வாங்கியவர். குளிர்காலத் தில்லியின் வானத்தை நோக்கி அப்படி ஒரு கருவியைப் பிடிக்கப் பள்ளிக் கண்காட்சிக்காரர்களுக்கு இன்னும் தோன்றவில்லை என்றால் ஆச்சரியம்தான். அளப்பதற்கு அங்கே விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

கொடியை என்ன செய்வது? 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் கணக்கு அழகாக விழுகிறது. ஆரஞ்சு ஐந்து ஐந்தாகக் கோத்தால் ஒரு வரிசைக்கு 10 வோல்ட்; மீதி 2 வோல்ட்டுக்கு ஒரு 220 ஓம். வெள்ளை, புதுப் பச்சை, நீலம் எல்லாம் மூன்று மூன்றாக. ஒரு வரிசைக்கு 9.6 போக மீதி 2.4. அதற்கும் 220 அல்லது 270. ஆரஞ்சு 20, வெள்ளை 21, பச்சை 21, சக்கரத்தின் நீலம் 24 என்று வைத்தால் மொத்தம் 86 விளக்கு, 26 வரிசை, 26 ரெசிஸ்டர். வரிசைக்கு 10 மில்லி ஆம்பியர் என்றால் 260. அரை ஆம்பியர் அடாப்டர் தாராளம். 86ஐயும் தனித்தனியாக எரித்தால் 860 வேண்டியிருக்கும்.

எல்லாம் எரிந்ததும் ஒரு புதுச் சிக்கல் தெரியும். வெள்ளைப் பட்டை மற்ற இரண்டையும் விழுங்கப் பார்க்கும், சக்கரம் கண்ணைக் குத்தும். வெள்ளை, நீல வரிசைகளில் மட்டும் 220ஐக் கழற்றிவிட்டு 1 கிலோ ஓம் போட வேண்டும். அதுவும் அதிகமாகத் தெரிந்தால் 2.2 கிலோ. 15 ரெசிஸ்டர், சால்டரிங் அயர்னோடு அரை மணி நேரம். காவியும் பச்சையும் சமமாகத் தெரிகின்றனவா என்பதை விளக்கை அணைத்துவிட்டு, அறையின் மறுகோடியில் போய் நின்றுகொண்டு பார்க்க வேண்டும்.